ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு எந்த என்ஜின்?

நான் மீட்டெடுத்து வரும் கார் 1969ஆம் ஆண்டில் பதிவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3. பாடி வேலை முடிவதற்கு முன்பே, பட்டறைக்கு வருகிறவர்களும் நண்பர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்த என்ஜின் போடப் போகிறீர்கள்? கேட்பவர்களில் பெரும்பாலோர் பதிலையும் சேர்த்தே தந்துவிடுகிறார்கள். மாருதி ஜிப்ஸி என்ஜின் போடுங்கள், ஏதாவது டீசலைப் போடுங்கள், இங்கிலாந்திலிருந்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜினை வரவழையுங்கள் என்று ஆலோசனைகள் குவிகின்றன. அந்தக் காரோடு பிறந்த 948 சி.சி. என்ஜினையே முழுமையாகப் புதுப்பித்துப் பொருத்துவது என்று நான் முடிவெடுத்திருக்கிறேன். பழமையின் மீதுள்ள பற்று மட்டும் இதற்குக் காரணம் அல்ல. ஒரு பழைய காருக்கு என்ஜின் தேடும்போது எல்லோரும் என்ஜினிலிருந்து தொடங்குகிறார்கள். நான் பின் ஆக்சிலிலிருந்து தொடங்கினேன். அங்கிருந்து முன்னோக்கி வந்தால் விடை தானாகவே சுருங்கி ஒன்றிரண்டில் நின்றுவிடுகிறது.

இந்தக் காரைப் பற்றி அறியாத இளைய வாசகர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். சென்னைக்கு வெளியே வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1960களில் தயாரித்த கார் இது. 1959இல் பிரிட்டனில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இதன் மூலம். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜோவான்னி மிக்கெலோட்டி. பிரிட்டனில் இரண்டு கதவுகளோடு மட்டுமே விற்ற அந்தக் கார், நம் ஊரில்தான் நான்கு கதவுகள் கொண்ட சலூனாகவும் மாறியது. மற்ற கார்கள் தனிச் சேஸிஸைக் கைவிட்டு வந்த காலத்திலும் ஹெரால்டு அதைத் தக்கவைத்துக்கொண்டது. பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதால், முன் சக்கரத்தின் மீது அமர்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம். இந்த வசதிதான் பலரை என்ஜின் மாற்றத்துக்குத் தூண்டுகிறது என்று நினைக்கிறேன். இவ்வளவு இடம் இருக்கும்போது பெரிதாக ஒன்றை வைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பே.

அந்த இடத்தில் எதை வைத்தாலும், அதன் வலுவைத் தரையில் சேர்க்க வேண்டியது ஹெரால்டின் பின் ஆக்சில். என்ஜினின் சுழற்சியை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல், சேஸிஸோடு அசையாமல் பிணைந்திருக்கிறது. அதன் மேல் காரின் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் கிடக்கிறது. இரு பக்கமும் நீளும் அரை ஆக்சில்களுக்கு உட்புற முனையில் மட்டும் யுனிவர்சல் ஜாயின்ட் என்ற, மடங்கியபடியே சுழலும் மூட்டு ஒன்று உண்டு. ஆகவே சக்கரம் நேர் மேலும் கீழுமாக அசையாமல், அந்த ஜாயின்ட்டை மையமாகக் கொண்டு வில் வடிவப் பாதையில் அசைகிறது. வேகமாக ஒரு வளைவுக்குள் நுழைந்து, பாதியில் அஞ்சி ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், காரின் பின்பகுதி உயரும்; பாரத்தைத் தாங்க வேண்டிய வெளிப்புறச் சக்கரத்தின் அடிப்பகுதி காருக்குள் மடங்கும்; டயரின் ஓரம் மட்டும் தரையைத் தொடும்; கண நேரத்தில் பின்பகுதி வெளியே வீசும். நிதானமாக ஓட்டுகிறவர் வாழ்நாள் முழுவதும் இதைச் சந்திக்காமலே இருந்துவிடலாம். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு மடங்கு வலுவுள்ள என்ஜினோடு இறங்குகிறவருக்கு அந்த உத்தரவாதத்தைத் தர முடியாது. ஹெரால்டைத் தொடர்ந்து வந்த கேஸலில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் இந்த அமைப்பைக் கைவிட்டு, வழக்கமான ஒற்றை ஆக்சிலுக்கு மாறியது. நம் ஊர் வாடிக்கையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இது பிடிக்காமல் போனதே காரணம். பிரிட்டனில் ஸ்பிட்ஃபயரின் நான்காம் மார்க்கில், இந்தக் குறையை வெகுவாகக் குறைக்கும் வேறு வகைப் பின் ஸ்பிரிங் வந்தது. என் காரில் இருப்பதோ பழைய அமைப்பு. அதை அப்படியே வைத்துக்கொள்ள விரும்பினால், அதன் எல்லைக்குள் அடங்கும் என்ஜினைத்தான் தேட வேண்டும்.

பிரேக்கையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். கார் எடை ஏறக்குறைய 800 கிலோ என்பதால், மூல என்ஜினின் வேகத்துக்கு அவை போதும். மலைச்சரிவில் மீண்டும் மீண்டும் மிதித்தால் டிரம் சூடேறி, பிடிமானம் குறைவதை அந்தக் காலத்துக் கார் ஓட்டிய எவரும் அறிவர். வலுவைக் கூட்டிவிட்டு பிரேக்கை விட்டுவைப்பது எனக்கு மன்னிக்க முடியாத செயலாகவே படுகிறது. பிரேக்கையும் மாற்றினால் முன் ஹப்புகள், மாஸ்டர் சிலிண்டர் எனச் சங்கிலியாக வேலை நீளும். முடிவில் ஹெரால்டின் தோலுக்குள் வேறொரு கார் இருக்கும்.

இந்த அளவுகோலோடு ஒவ்வொரு யோசனையையும் எடைபோட்டேன்.

மாருதி ஜிப்ஸியின் 1298 சி.சி. என்ஜினைப் பரிந்துரைப்பவர்களை நான் அலட்சியப்படுத்தவில்லை; அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீளவாக்கில் அமர்ந்து பின் சக்கரத்தை இயக்கும் என்ஜின் இந்தியாவில் எளிதில் கிடைப்பது அரிது. ஜிப்ஸியில், நான்கு சக்கரங்களுக்கும் வலுவைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக இருப்பதால், ஐந்து கியர் கொண்ட அதன் பெட்டியை மட்டும் பிரித்தெடுத்துப் பயன்படுத்தலாம். சிலிண்டர்கள் அமைந்த பிளாக் அலுமினியம் என்பதால் முன் சக்கரங்களுக்குப் பாரம் கூடாது. கார்புரேட்டர் வகை சுமார் 60 குதிரைத்திறனும், பின்னர் வந்த இன்ஜெக்‌ஷன் வகை 80 குதிரைத்திறனும் தருகின்றன. உதிரிபாகங்கள் புதுப்பேட்டையில் தேடினாலே கிடைத்துவிடும். இத்தனை நற்குணங்கள் இருந்தும் நான் தயங்குவதற்குக் காரணம், அந்த 80 குதிரைகளும் மேலே சொன்ன அரை ஆக்சில்கள் வழியாகத்தான் சாலைக்குப் போக வேண்டும் என்பது. மூல என்ஜின் தந்ததோ 35 முதல் 38 குதிரைத்திறன் மட்டுமே. அந்த அளவுக்கென்று செய்த டிஃபரன்ஷியல் இரண்டு மடங்கு சுமையை எத்தனை ஆண்டு தாங்கும்? அது உடைந்தால் மாற்று கிடைப்பது, என்ஜின் கிடைப்பதைவிடப் பல மடங்கு கடினம். மேலும், மவுண்ட்டுகளை வெட்டி ஒட்டுவது, புரொபல்லர் ஷாஃப்ட்டை வேறு நீளத்தில் செய்வது, கியர் லீவர் வரும் இடத்துக்கேற்ப நடுமேட்டை அறுப்பது ஆகியவற்றில் ஒன்றிரண்டைப் பின்னர் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். சேஸிஸில் விழும் வெட்டை ஒருபோதும் முழுமையாக அழிக்க முடியாது. இன்ஜெக்‌ஷன் வகையென்றால் டேங்குக்குள் பம்ப், திரும்பும் குழாய், கணினிப் பெட்டி, அதற்கான ஒயரிங் என்று எல்லாவற்றையும் புதிதாகக் கட்டமைக்க வேண்டும்.

டீசலைப் பற்றி நீண்டு பேசத் தேவையில்லை. அம்பாசடரின் கனத்த உடம்புக்குப் பொருந்திய அந்த வழக்கம், மெல்லிய முன் சேஸிஸும் இலகுவான ஸ்டீயரிங்கும் கொண்ட ஹெரால்டுக்குப் பொருந்தாது. லண்டன் டாக்சியோடு ஒப்பிடும் அளவுக்குச் சுமார் 7.6 மீட்டர் வட்டத்துக்குள் திரும்பக்கூடிய கார் இது. அந்த இலகுத்தன்மையை இரும்புப் பாரத்தால் கெடுப்பதை நான் ஏற்கவில்லை.

என்னை உண்மையிலேயே ஈர்த்தது வேறொரு வழி. 948 சி.சி. என்ஜின் தனிப்பிறவி அல்ல. 1953இல் ஸ்டாண்டர்ட் எய்ட் காரில் 803 சி.சி.யாகப் பிறந்த ஒரு குடும்பத்தின் இரண்டாம் உறுப்பினர் அது. சிலிண்டர் விட்டம் 58 மில்லிமீட்டராக இருந்தபோது 803; 63 ஆனபோது 948; 69.3 ஆனபோது 1147, 73.7 ஆனபோது 1296. இவை எல்லாவற்றிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதே 76 மில்லிமீட்டர்தான். கடைசியாக வந்த 1493 சி.சி.யில் மட்டும் அது 87.5 ஆனது, ஸ்பிட்ஃபயரோடு எம்.ஜி. மிட்ஜெட் என்ற மற்றொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலும் அந்த என்ஜின் ஓடியது. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பிகளாக இருப்பதால், பெரிய என்ஜினை ஹெரால்டின் மூல மவுண்ட்டுகளிலேயே அமர்த்த முடியும். பிரிட்டிஷ் ஹெரால்டே 1961இல் 1147 சி.சி.க்கும், பின்னர் 13/60 என்ற வகையில் 1296 சி.சி.க்கும் மாறியது. ஆகவே இது காரின் இயல்புக்கு எதிரான மாற்றமும் அல்ல. 13/60 என்ஜின் தந்த 61 குதிரைத்திறனை, டிஸ்க் பிரேக்கோடு சேர்த்து, அந்தச் சேஸிஸ் நன்றாகவே தாங்கியது. ஒரு ஹெரால்டின் மூல என்ஜின் மீட்க முடியாத நிலையில் இருக்குமானால், நான் முதலில் பரிந்துரைப்பது 1147ஐ, அடுத்ததாக 1296ஐ. 1493ஐப் பரிந்துரைக்க மாட்டேன். பிஸ்டனின் நீண்ட வீச்சும், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங்குகளும் கொண்ட அந்த என்ஜின், அதிகச் சுற்றில் தொடர்ந்து ஓடும்போது அடிப்பகுதி தேய்வதற்குப் பெயர் பெற்றது.

948 பிளாக்கையே குடைந்து பெரிதாக்கிவிடலாம் என்று ஒரு லேத் பட்டறைக்காரர் என்னிடம் சொன்னார். விட்டத்தை 6.3 மில்லிமீட்டர் கூட்டும் அளவுக்கு அந்தச் சிலிண்டர்களைச் சுற்றி இரும்பு இல்லை. தேய்மானத்துக்காக 20 தௌ அல்லது 30 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது வழக்கமான, முறையான வேலை. 30 தௌ குடைந்தால் கொள்ளளவு சுமார் 971 சி.சி. ஆகும்; அவ்வளவுதான்.

இனி, எல்லோரும் கடைசியில் நினைத்துப் பார்க்கிற, நான் முதலிலேயே நினைத்துப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிற ஒன்று: ஆர்.சி. புத்தகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே தயாரிப்பின் அதே வகை என்ஜினை மாற்றினாலும், பதிவு அலுவலகத்தின் ஒப்புதலோடு புதிய எண்ணைச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். வேறு நிறுவனத்தின், வேறு கொள்ளளவுள்ள என்ஜினுக்கு அந்த வழி மிகக் குறுகலானது. ஒப்புதலில்லாத என்ஜினோடு ஓடும் கார் விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் என்ன கேள்வி கேட்கும் என்பதை யோசித்துப் பார்த்தாலே போதும். மின்சார மோட்டாருக்கு மாற்றுவதற்குச் சட்டம் இடம் தருகிறது என்பதும், ஒப்புதல் பெற்ற கருவித்தொகுப்பு வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தினமும் நகருக்குள் ஓட்ட ஒரு பழைய உருவம் வேண்டும் என்பவருக்கு அது நேர்மையான தெரிவுதான். எனக்கு வேண்டியது உருவம் மட்டுமல்ல.

அதைவிட முக்கியமானது 2021இல் நடைமுறைக்கு வந்த விண்டேஜ் வாகன விதி. முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவிலேயே பேணப்படும் கார்களுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் உண்டு. அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பதிவெண்ணோடு காரை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது; கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. ஆகவே எல்லோருக்கும் அது ஏற்றதென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1969ஆம் ஆண்டு ஹெரால்டில் இன்று ஜிப்ஸி என்ஜினை வைக்கிறவர், அந்தக் கதவைத் தன் கையாலேயே மூடுகிறார். மூலப் பதிவில் உள்ள எண்களோடு பொருந்தும் என்ஜினும் சேஸிஸும் ஒன்றாக இருக்கும் ஹெரால்டுகள் இனிமேல் குறையுமே தவிரப் பெருகப் போவதில்லை.

பெரிய என்ஜின் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்த வேகத்தில் எந்தச் சாலையில் அந்தக் குறையை உணர்கிறீர்கள் என்பதைத்தான். பெரும்பாலும் வரும் பதில், ஜி.எஸ்.டி. சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் அலறுகிறது என்பது. அது வலுக்குறைவால் வருவதைவிடப் பல் விகிதத்தால் வருவது. பிரிட்டிஷ் 948 சலூனின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.875. 13 அங்குலச் சக்கரத்தோடு கணக்கிட்டால், நாலாம் கியரில் ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் கார் சுமார் 22 கிலோமீட்டர் வேகம் பெறுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் 3,600 சுற்றுகளில் ஓடுகிறது. 1147 சி.சி. ஹெரால்டில் வந்த 4.11 விகிதத்தை வைத்தால், அதே வேகத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்றுகள் போதும். சமதளத்தில் அது பெரும் நிம்மதி தரும். ஆனால் நான்கு பேரோடு மலையேறும்போது 948இன் இழுவை போதாமல் முதல் கியரை நாட வேண்டிவரும், அந்த முதல் கியருக்கோ, ஓடும்போதே உரசாமல் கியர் மாற்ற உதவும் சின்க்ரோ கிடையாது. ஆகவே நான் மூல விகிதத்தையே வைத்துக்கொள்கிறேன். 65, 70 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கார் மகிழ்ச்சியாக ஓடும். அந்த வேகத்தில் ஓட்டுவதற்காகத்தான் நான் இதைக் கட்டுகிறேன். கொஞ்சம் கூடுதல் உயிர்ப்பு வேண்டுமென்றால், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்கள் கொண்ட பிரிட்டிஷ் ஹெரால்டு கூபே இதே 948இல் 45 குதிரைத்திறன் பெற்றதை முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

இப்போது வேலைக்கு வருகிறேன். மூல என்ஜினை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தவர், அது தகுதியானதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிளாக்கிலும் ஹெட்டிலும் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வெறும் தண்ணீரால் ஓடியிருந்தால் உட்புறம் துருப்பிடித்து நீர்ப்பாதைகள் அடைபட்டிருக்கும், அதை இரசாயனத் தொட்டியில் ஊறவைத்து முழுமையாக நீக்கினால்தான் சென்னையின் மே மாதத்தைத் தாங்கும். அதோடு ரேடியேட்டரின் மையப்பகுதியைப் புதிதாக்கிவிட வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டை கிரைண்டிங் செய்து, அளவுக்கேற்ற பேரிங் போட்டபின், சூடான நிலையில் 2,000 சுற்றில் ஆயில் அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

இந்தக் குடும்பத்து என்ஜின்களுக்கே உரிய பலவீனம் ஒன்று உண்டு. கிராங்க் ஷாஃப்ட் முன்பின்னாக நகராமல் தடுப்பவை, பின் மெயின் பேரிங்கின் இரு பக்கமும் இருக்கும் பிறைவடிவத் திரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுவதால் அவை தேய்கின்றன. தேய்ந்து மெலிந்தபின் நழுவி ஆயில் சம்ப்பில் விழுந்துவிட்டால், சுழலும் கிராங்க் நேரடியாகப் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு அந்தப் பிளாக் பழைய இரும்புக்குத்தான் போகும். சோதிப்பது எளிது: ஒருவர் கிளட்சை மிதித்து விடும்போது, மற்றொருவர் முன்புறப் புல்லியைக் கவனித்தால் போதும், கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி அது நகர்ந்தால் உடனே சம்ப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஹெரால்டு வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன் இதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓட்டுகிறவர்கள் சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே காத்திருக்காமல் நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும்.

ஹெட்டில் செய்ய வேண்டியது பெட்ரோலைப் பொறுத்தது. இந்த என்ஜின் பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது வால்வுக்கும் இரும்பு சீட்டுக்கும் இடையே மெல்லிய பாதுகாப்புப் படலமாகப் படிந்தது. 2000ஆம் ஆண்டோடு இந்தியாவில் ஈயமுள்ள பெட்ரோல் நின்றுபோனது. ஆகவே எக்ஸாஸ்ட் பக்கத்துக்கேனும் கடினப்படுத்திய வால்வு சீட்டுகளைப் பதிக்க வேண்டும். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப்பின் டயஃப்ரத்தையும் அது ஊறவைத்துச் சிதைக்கும், ஈரத்தை உறிஞ்சி டேங்கைத் துருப்பிடிக்கச் செய்யும், கலவையையும் மெலிதாக்கும். எத்தனால் தாங்கும் குழாய்கள், புதிய டயஃப்ரம், உட்புறம் பூச்சிட்ட டேங்க், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைச் சற்றே பெரிதாக்குவது ஆகியவற்றால் இதைச் சமாளிக்கலாம். காரை நீண்ட காலம் நிறுத்தப் போகிறோமென்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவதே நல்லது. என்ஜினைப் புதுப்பிப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் எத்தனால் பற்றியதுதான் எனக்கு வலுவானதாகப் பட்டது. இந்த வேலைகளைச் செய்தபின் அதுவும் தடையாக இல்லை.

உதிரிபாகங்களைப் பொறுத்தவரை நிலைமை பலரும் அஞ்சுவதைவிட நல்லது. ஸ்பிட்ஃபயரும் மிட்ஜெட்டும் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுவதால், இந்தக் குடும்பத்துக்கான கேஸ்கெட், டைமிங் செயின், திரஸ்ட் வாஷர் போன்றவை இங்கிலாந்தில் புதிதாகவே விற்கின்றன. 948க்கே உரிய பிஸ்டன்தான் தேடிப் பெற வேண்டிய பொருள். ஆகவே பிஸ்டன் கைக்கு வந்து, அதன் விட்டத்தை அளந்த பின்னரே சிலிண்டரைக் குடையச் சொல்ல வேண்டும். மாற்று என்ஜினாகவோ பாகங்களுக்காகவோ கேஸலின் என்ஜின் கிடைத்தால் அதையும் விடாதீர்கள்; அதுவும் இதே 948தான்.

என் என்ஜினின் பிளாக் சோதனையில் தேறிவிட்டது. கிராங்க் கிரைண்டிங்குக்குப் போயிருக்கிறது, பிஸ்டனுக்காகக் காத்திருக்கிறேன். பொருத்தியபின் துத்தநாகம் போதிய அளவில் உள்ள 20டபிள்யூ-50 மினரல் ஆயிலோடு முதல் 800 கிலோமீட்டரை மென்மையாக ஓட்டி, ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டுகளை மீண்டும் முறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபார்த்த பிறகே மலைச்சாலைக்கு எடுத்துச் செல்வேன். அந்த ஓட்டத்தில் கிடைக்கும் ஆயில் அழுத்தம், வெப்பநிலை, மைலேஜ் அளவுகளை அடுத்த பதிவில் தருகிறேன்.